இசுலாமியவியல் வருகை ஆய்வுத் திட்டங்களும் தமிழ் ஆய்வாளர் விண்ணப்பமும்

வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்களின் இசுலாமியவியல் துறைகள் பிறநாட்டு அறிஞரைச் சில திங்கள் தம்மிடத்தே இருத்தி ஆராயச் செய்யும் திட்டங்கள் பல உள. அவை அரபும் பாரசீகமும் கற்றார்க்கே உரியன என்னும் எண்ணம் நம் தமிழ்த் துறைகளில் வேரூன்றியுள்ளது. அதனால் தகுதியுடையாரும் விண்ணப்பிக்க முற்படுவதில்லை. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதையும், தமிழ் ஆய்வாளரின் விண்ணப்பம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதையும் தென்காசி, குற்றாலப் பகுதி இலக்கியப் பொருள் ஒன்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

கானடாவின் மக்கில் பல்கலைக் கழகத்தில் 1952-இல் இசுலாமியவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த வில்பிரட் கேன்ட்வெல் சிமித், அதன் ஆசிரியரிலும் மாணவரிலும் ஏறத்தாழப் பாதியர் முசுலிம்களாகவும் பாதியர் ஏனையோராகவும் இருத்தல் வேண்டும் எனக் கருதினார். ஒரு சமயத்தை ஆராய்வார் அச்சமயத்தாரோடு உடனிருந்து உசாவுதல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை. அறிஞர் பரிமாற்றத்தின் அடிப்படையும் அதுவே.

இனித் தமிழுக்கு அப்புலத்தில் இடம் உண்டோ எனின், உண்டு என்பதற்குச் சான்றுகள் உள. இலங்கை அறிஞர் ம. மு. உவைஸ், தமிழ் இலக்கியத்திற்கு முசுலிம்கள் ஆற்றிய பணி பற்றிய தம் ஆங்கில நூலை 1953-இல் வெளியிட்டார். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் இசுலாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக அமர்ந்து, பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து அவ்விலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். கடல் கடந்து வந்த ஓர் அறிஞரால் நம் துறை பெற்ற பயன் இது. 1572-இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலாவை, அதே கதையின் சாவக, மலாய் வடிவங்களோடு ஒப்பிட்டு உரோனித் இரிச்சி எழுதிய நூல் 2011-இல் சிக்காகோவில் வெளிவந்தது. தமிழ் நூலை விடுத்திருப்பின் அவ்வாய்வின் மூன்று கால்களில் ஒன்று முறிந்திருக்கும்.

இவற்றால் ஓர் உண்மை புலனாகும். இசுலாமியவியல் துறையார் நம்மிடம் எதிர்பார்ப்பது அரபுப் புலமையில் அவரோடு போட்டியிடுவதை அன்று. அவர்க்குக் கிட்டாத தமிழ்ச் சான்றினையே. ஆதலின் விண்ணப்பத்தின் உயிர்நிலை அதில் எழுப்பப்படும் வினாவே எனலாம்.

ஒரு சான்று காண்போம். தென்காசியில் தோன்றித் தக்கலையில் வாழ்ந்து அடங்கியவர் பீர்முகம்மது அப்பா. ஞானப்புகழ்ச்சி முதலியவற்றோடு ஞானரத்தினக் குறவஞ்சியும் அவர் பெயரால் வழங்குகின்றது. தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றினார். பீர்முகம்மது அப்பா பதினேழாம் நூற்றாண்டினர் என்னும் மரபுவழிக் கருத்தைக் கொள்ளின், அவர் குற்றாலக் குறவஞ்சியைப் பின்பற்றினார் என்றல் இயலாது. ஒரே வட்டாரத்தில் சிங்கனும் சிங்கியும் ஒருபால் சிவபத்திக்கும் ஒருபால் சூபி ஞானத்திற்கும் கருவியாயினர் என்பதே ஆராயத்தக்கது.

இப்பொருளை, 'தமிழ் முசுலிம் புலவர்களின் தொண்டு' என்று தலைப்பிட்டு விண்ணப்பிப்பின் பயனில்லை. அது பாராட்டேயன்றி வினா அன்று. 'ஷரீஅத், தரீகத், ஹகீகத், மஃரிபத் எனச் சூபியர் கூறும் நால்நிலைகள் குறவஞ்சியின் வினாவிடை அமைப்பில் எவ்வளவில் இடம்பெறுகின்றன? அவற்றைச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்பவற்றோடு ஒன்றெனக் கொள்ளுதல் தகுமா?' என்று வினவின், அரபு அறிஞரும் சைவ சித்தாந்த அறிஞரும் ஒருங்கே செவிசாய்ப்பர்.

வினாவை வகுத்தபின், அதனை அவ்விடத்தே ஆராய்தற்குரிய காரணம் கூறல் வேண்டும். அங்குள்ள எந்தத் தொகுப்பு வேண்டும், எந்தப் பேராசிரியருடன் எந்தப் பாடத்தைப் படிக்க விழைகிறோம் என்று குறித்தல் நன்று. அழைப்புக் கடிதம் வேண்டுவோர் அப்பேராசிரியர்க்கு முன்னரே ஒரு பக்க அளவில் எழுதுதல் முறை. தமிழ்ச் சொற்களை ஒரே எழுத்துப்பெயர்ப்பு முறையில் தந்து, நூற்பெயர்களுக்குப் பொருளும் தருதல் இன்றியமையாதது. மதிப்பிடுவோருள் தமிழறியாதார் பலராதலின். அரபு எழுத்தில் எழுதப்பெற்ற அரபுத்தமிழ் ஏடுகளைப் படிக்கும் பயிற்சி உண்டா, இல்லையா என்பதை மறையாது கூறுக. இல்லையெனின், அப்பயிற்சியையே பயணத்தின் நோக்கங்களுள் ஒன்றாக்கலாம். பணிபுரியும் நிறுவனத்தின் இசைவும் பரிந்துரைக் கடிதங்களும் காலம் கொள்வனவாதலின் அவற்றை முதலிலேயே தொடங்குக.

மீண்டு வந்து செய்வது யாது என்பதும் விண்ணப்பத்தின் உறுப்பாகும். இந்திய, அமெரிக்க அரசுகள் 1950 பிப்ரவரி 2-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்வழி வந்த புல்பிரைட்டுத் திட்டம், 2008-இல் இரு அரசுகளும் சம பங்காளராயினபின் புல்பிரைட்டு-நேரு எனப் பெயர் பெற்றது. அதன் உதவி பெற்றுச் சென்றோர் தாய்நாட்டில் ஈராண்டு தங்கிய பின்னரே அங்குக் குடியேறவோ, சிலவகைப் பணி விசாக்கள் பெறவோ இயலும். கற்றதைப் பிறந்த மண்ணிற்குக் கொணர்தலே இவ்விதியின் நோக்கம். தென்காசியில் ஏடுகளைப் பட்டியலிடுதல், தக்கலையில் ஆண்டுதோறும் ஓதப்பெறும் ஞானப்புகழ்ச்சியின் ஓதுமுறையைப் பதிவு செய்தல், முதுகலை வகுப்பிற்குப் பாடம் அமைத்தல் என நிறைவேற்றத் தக்கனவற்றையே குறிப்பிடுக.

நாம் விண்ணப்பியாது ஒதுங்கின் இந்நூல்கள் ஆராயப்படாமற் போகா. ஆனால் வினாவைப் பிறர் வகுப்பர். நாம் சொற்பொருள் கூறும் துணைவராக மட்டுமே நிற்போம். குறவஞ்சியின் இலக்கணமும் மரபும் அறிந்தார் வகுக்கும் வினா வேறு. அவை அறியாதார் வகுக்கும் வினா வேறு. அவ்வேறுபாட்டை அவைக்கு உணர்த்துதல் தமிழ்த் துறையாரின் கடமை என்க.