வீட்டுக்குள் வரும் பூரான்

நள்ளிரவில் பாயில் படுத்திருப்பவரின் காலில் ஏதோ சுருக்கென்று தைக்கிறது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் தென்படவில்லை. "பூரானாகத்தான் இருக்கும்" என்று வீட்டில் யாராவது சொல்கிறார்கள். கொஞ்சம் சுண்ணாம்பைத் தடவிவிட்டு எல்லோரும் மறுபடியும் படுத்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் கடித்தவற்றை எல்லாம் 'காணாக்கடி' என்று சொல்லி, பழியைப் பூரானின்மேல் போடுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். உடம்பில் திட்டுத் திட்டாகத் தடிப்பு எழும்பினாலும் அதைப் பூரான் கடி என்பார்கள். அத்தகைய தடிப்புகளில் பல ஒவ்வாமையால் வருபவை. பூரானுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பூரான் எது, அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது சில வேளைகளில் உயிரையே காக்கும்.

பூரான் ஒரு பூச்சி அன்று. பூச்சிக்கு ஆறு கால்கள்; தேளுக்கும் சிலந்திக்கும் எட்டு. பூரான் கணுக்காலிகளில் பலகாலிகள் என்னும் பிரிவைச் சேர்ந்தது. தட்டையான அதன் நீண்ட உடல் பல கண்டங்களாகப் பிரிந்திருக்கும். கண்டத்துக்கு ஓர் இணைக் கால்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'நூறு கால்' என்று பொருள்படும் பெயர் உண்டு. ஆனால் சரியாக நூறு கால் உள்ள பூரானைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வளர்ந்த பூரானின் கால் இணைகள் இயல்பாக ஒற்றைப்படை எண்ணிலேயே அமைகின்றன. 15, 21, 23 என்று தொடங்கி 191 இணைகள் வரை உள்ள இனங்கள் உண்டு. நூறு கால்களுக்கு 50 இணைகள் வேண்டும். 50 இரட்டைப்படை எண் அல்லவா?

தலையை அடுத்துள்ள முதல் இணைக் கால்கள் நடப்பதற்குப் பயன்படுவதில்லை. அவை இடுக்கி போலத் தலைக்கு அடியில் வளைந்து நச்சுக் கொடுக்குகளாக மாறியிருக்கின்றன. ஆகவே பூரான் கடிக்கிறது என்பதைவிட, காலால் கிள்ளி நஞ்சு செலுத்துகிறது என்பதே சரி. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி இணைக் கால்களைக் கண்டு, வாலில்தான் கொடுக்கு இருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அங்கே கொடுக்கு இல்லை. பூரானை இரண்டாக வெட்டினால் இரு துண்டுகளும் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். கண்டந்தோறும் ஒரு நரம்பு முடிச்சு இருப்பதால் வரும் அசைவு அது. வெட்டுண்ட பின்னும் தலைத் துண்டு சிறிது நேரம் கிள்ளக்கூடும். அதை வெறுங்கையால் எடுக்க வேண்டாம்.

எது பூரான்?

வீட்டில் காணும் பலகால் பிராணிகள் எல்லாம் ஒன்றல்ல. மழைக்காலத்தில் சுவரோரம் மெதுவாக ஊர்ந்து, தொட்டதும் சக்கரம்போல் சுருண்டுகொள்ளும் மரவட்டையைப் பிள்ளைகள் ரயில்பூச்சி என்பார்கள். அதன் உடல் உருண்டையானது. பெரும்பாலான கண்டங்களில் இரண்டிரண்டு இணைக் கால்கள். மட்கிய இலைதழைகளைத் தின்னும் அது கடிக்காது. நஞ்சுக் கொடுக்கும் அதற்கில்லை. அதன் கசிவு கண்ணில் பட்டால் எரியும், அவ்வளவே.

தண்டவாளம்போல் மெலிந்து நீண்டு, நூல் போலிருக்கும் பூரான் ஒன்று ஈர மண்ணிலும் குளியலறையிலும் காணப்படும். அது மண்பூரான், அதற்குக் கண்களே கிடையாது. அவற்றுள் சில இனங்கள் தொந்தரவு செய்தால் இருளில் ஒளிரும் பசையைச் சுரக்கும். அவற்றால் நமக்குத் தீங்கு இல்லை. சிலந்தியைப் போன்ற நீண்ட மெல்லிய 15 இணைக் கால்களுடன் சுவரில் மின்னல் வேகத்தில் ஓடுவது இன்னொரு வகை. பார்க்கப் பயமாக இருந்தாலும், கரப்பான் குஞ்சுகளைத் தின்று நமக்கு உதவி செய்வது அது.

நாம் அஞ்சவேண்டியது நான்காவது வகைக்கு. ஸ்கோலோபெண்ட்ரா என்னும் பேரினத்தைச் சேர்ந்த இதற்கு 21 இணைத் தடித்த கால்கள். இந்தியாவில் பரவலாக உள்ள ஸ்கோலோபெண்ட்ரா மார்சிடன்ஸ் ஒரு சாண் நீளத்துக்குக் குறைவாகவே வளரும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறிப் பட்டை போட்ட ஓர் இனமும் உண்டு. இவ்வளவு முரட்டுப் பிராணியின் பெண், முட்டைகளைச் சுற்றி உடலை வளைத்துக்கொண்டு பல நாள் காவல் காக்கும். பூஞ்சணம் பிடிக்காமல் அவற்றை நக்கித் துடைக்கும். கல்லைப் புரட்டும்போது இந்தக் காட்சி கிடைத்தால் ஒரு நிமிடம் நின்று பார்க்கத் தகுந்தது.

கடித்தது பூரான்தானா?

பூரான் கடியின் முதல் அடையாளம் வலி. கடித்த கணமே தீயால் சுட்டதுபோல் எரியும், அருகருகே இரண்டு புள்ளிகள் தெரியும், சிவந்து வீங்கும். சில மணி நேரத்தில் வலி தணியும். வீக்கம் ஓரிரு நாள் இருக்கலாம். உயிரிழப்பு மிக மிக அரிது. கடிவாயைச் சோப்பு நீரால் கழுவி, பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். குழந்தையானால், பெரியவர் தம் கையை முதலில் விட்டுச் சூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். கீறுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது இரண்டும் கெடுதல்.

இனி முக்கியமான செய்தி. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. வீட்டுக்குள் வந்து, தரையில் உறங்குபவர்களைக் கடிப்பது அதன் வழக்கம். அதன் பற்கள் சிறியவை. கடித்த தடம் பல நேரங்களில் தெரியாது. வலியும் வீக்கமும் அநேகமாக இரா. தூக்கக் கலக்கத்தில் இதைத்தான் 'பூரானாக இருக்கும்' என்று தட்டிவிடுகிறோம். அதன் நஞ்சோ நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுத்துவிடுகிறது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் விடியற்காலையில், வயிற்றுவலி, இமை கவிழ்தல், பேச்சுக் குளறல், விழுங்க முடியாமை என்று தொடங்கி மூச்சே நின்றுபோகும். ஆகவே கடித்த பிராணியைக் கண்ணால் காணாதபோது, வலி இல்லை என்பதைக் கொண்டு ஆறுதல் அடையக் கூடாது. வலி இல்லாமையே இங்கு அபாய அறிகுறி. வலி இருந்தாலும் கண்ணாடி விரியன் போன்ற பிற பாம்புகள் உண்டு. காணாத கடியைப் பாம்புக்கடியாகவே கருதி, கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இந்தியாவில் தயாராகும் பாம்பு நஞ்சுமுறி மருந்து கட்டுவிரியன் நஞ்சுக்கும் உரியது.

காதுக்குள் பூரான் புகுந்தால் மூளையைத் தின்னும் என்ற பேச்சும் உண்டு. காதுக்குழாயின் முடிவில் செவிப்பறை மூடியிருப்பதால் வழி அங்கே அடைபடுகிறது. ஊக்கையும் குச்சியையும் விட்டுக் குடைந்தால்தான் பறை கிழியும்.

ஏன் வருகிறது?

ஈரம், இரை. இவ்விரண்டுக்காகவே அது வருகிறது. பூச்சிகளுக்கு உள்ளதுபோல் நீரைக் காக்கும் நல்ல மெழுகுப் பூச்சு பூரானின் தோலில் இல்லை. மூச்சுத் துளைகளை இறுக மூடிக்கொள்ளும் வசதியும் இல்லை. உலர்ந்த தரையில் வெகுநேரம் இருந்தால் காய்ந்து செத்துப்போகும். எனவே கோடையில் குளியலறையையும் தண்ணீர்ப் பானையடியையும் தேடி வருகிறது. அடைமழையில் வளைக்குள் நீர் புகுந்தால் மேடான இடம் தேடி வருகிறது. கரப்பான் நிறைந்த வீடானால் தங்கியும் விடுகிறது.

மருந்து தெளித்து இதை ஒழிக்கலாம் என்பது வீண் செலவு. ஒரு காலத்தில் வீட்டைச் சுற்றித் தாராளமாகத் தூவப்பட்ட பி.எச்.சி. பொடி, அதன் கேடு கருதி இந்தியாவில் 1997-இல் தடை செய்யப்பட்டது. ஒளிந்திருக்கும் பூரானின்மேல் மருந்து படுவதும் குறைவு. பிள்ளைகள்மேல் படுவதே அதிகம். ஒழுகும் குழாயைச் சரிசெய்வதும், கரப்பானுக்குச் சோறு போடாமல் இரவில் அடுப்படியைத் துடைத்து வைப்பதும் இதைவிடப் பயன் தரும். விறகு, செங்கல், தேங்காய் மட்டை, பூந்தொட்டி ஆகியவற்றைச் சுவரை ஒட்டி அடுக்காமல் தள்ளி வைக்க வேண்டும். சுவர் விரிசலைச் சிமெண்டால் பூசலாம். கதவின் அடியில் விளக்கு வெளிச்சம் கசிகிறது என்றால் பூரானும் அவ்வழியே வரும். ஒரு ரப்பர் பட்டை போதும். தரையில் படுப்பவர்கள் கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டால் பூரானுக்கும் கட்டுவிரியனுக்கும் சேர்த்தே பாதுகாப்பு. காலையில் செருப்பையும் துணியையும் உதறிப் போடுவது பழைய பழக்கமானாலும் நல்ல பழக்கம்.

இருக்கிறதா என்று அறிய, மாலையில் ஈரச் சாக்கு ஒன்றை மூலையில் மடித்துப் போட்டு வையுங்கள். மேலும் கீழும் உடலை ஏதாவது தொட்டுக்கொண்டிருக்கும் ஈர இடுக்கையே பூரான் விரும்பும். காலையில் நீண்ட இடுக்கியால் சாக்கைத் தூக்கிப் பார்க்கலாம். குளியலறை நீர் வெளியேறும் துவாரத்துக்கு நெருக்கமான கம்பிவலை போடுங்கள். அதை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும்; முடியும் அழுக்கும் அடைத்துக்கொண்டால் அந்த ஈரத்திலேயே பூரான் குடியேறிவிடும்.