தாய்க்கடை இல்லாத அணி

துவரம் பருப்பு விலை, மார்க்கெட் கமிட்டி செஸ், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் என்று இந்த இதழில் எழுதி வந்தவன், இப்போது இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து, அதிலும் இரண்டாம் பிரிவு பற்றி எழுத வந்திருப்பது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். காரணம் என் மகள் வயிற்றுப் பேத்தி. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி அணியில் ஆடுகிறாள். 2024-25 பருவத்தில் அந்தப் பிரிவின் ஆட்டங்களை யூடியூபில் இலவசமாகவே காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை அரைநாள்தான். மாலையில் நான் கணக்கு எழுதும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அவள் பார்ப்பாள், நான் பேரேட்டிலிருந்து அவ்வப்போது தலையை நிமிர்த்துவேன். ஆட்டம் எனக்குப் பிடிபட நாளாயிற்று. அதன் பின்னால் இருந்த கணக்கு சீக்கிரமே பிடிபட்டுவிட்டது.

விதி எளிமையானது. அந்தப் பருவத்தில் பதினோரு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற பத்து அணிகளுடனும் இரண்டு முறை மோத வேண்டும், ஆக 20 ஆட்டம். வென்றால் 3 புள்ளி, சமன் ஆனால் 1. முதலிடம் பெறும் ஓர் அணி மட்டும் முதல் பிரிவுக்கு ஏறும். கடைசி அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கும்.

பதினொன்று என்பது ஒற்றைப்படையாக இருக்கிறதே என்று பேத்தியிடம் கேட்டேன். பன்னிரண்டாக இருந்திருக்க வேண்டும் தாத்தா, ரெடிங் என்ற அணி விலகிவிட்டது என்றாள். 2023 வரை முதல் பிரிவில் ஆடிய அணி அது. அந்தக் கிளப்பின் ஆண்கள் பக்கம் பணமுடையில் சிக்கித் தவித்தது. 2024 கோடையில், இரண்டாம் பிரிவில் பெண்கள் அணியை நடத்தும் செலவு தாங்காது என்று அதை ஐந்தாம் பிரிவுக்கு இறக்கிக்கொண்டார்கள். பந்தி தொடங்கும் முன்பே ஓர் இலையை எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பாஷையில் சொன்னால் இந்த அணிகளில் பெரும்பாலானவை கிளைக்கடைகள். ஆண்கள் கிளப்தான் தாய்க்கடை. பெயர்ப்பலகை, மைதானம், வைத்தியர், கணக்குப்பிள்ளை எல்லாம் அங்கிருந்து வரும். தாய்க்கடை செழிப்பாக இருந்தால் கிளைக்கும் சரக்கு தாராளம். அங்கே ஒரு முடை வந்தால் முதலில் எந்தக் கதவை இழுத்துச் சாத்துவார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வெளியிலிருந்து கதவை அடைத்ததும் உண்டு. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் டிக் கெர் லேடீஸ் என்ற தொழிற்சாலைப் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டு 1921 டிசம்பர் 5 அன்று, தன் உறுப்பினர் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தடை போட்டது. நஷ்டத்தில் ஓடிய கடையை மூடினால் நியாயம். கூட்டம் அலைமோதிய கடையை மூடினார்கள்! அந்தத் தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

இனி அந்தப் பருவத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்த அணிக்கு வருகிறேன். லண்டன் சிட்டி லயனஸஸ். இதற்குத் தாய்க்கடையே கிடையாது. முன்பு மில்வால் லயனஸஸ் என்ற பெயரில், 1991-லும் 1997-லும் எஃப்.ஏ. கோப்பை வென்ற பழைய அணி. பின்னாளில் பணத்துக்குத் திண்டாடி, 2018-ல் பருவத்தை முடிக்கவே பொதுமக்களிடம் நிதி திரட்டும் நிலை வந்தது. 2019-ல் ஆண்கள் கிளப்பிலிருந்து பிரிந்து, புதுப் பெயரில் தனிக்கடை போட்டது. 2023 டிசம்பரில் மிஷேல் காங் அம்மையார் அதை வாங்கினார். கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் தொழில் நடத்தியவர். மருத்துவத் துறைக்கான கணினி நிறுவனம் ஒன்றைத் தானே தொடங்கி வளர்த்த பணம். வாஷிங்டனிலும் பிரான்ஸின் லியோனிலும் பெண்கள் அணிகளைக் கையில் வைத்திருப்பவர்.

அவர் செய்ததை வியாபாரியின் கண்ணால் பாருங்கள். முதலில் இடம்: கென்ட் பகுதியில் பயிற்சிக்கென்று சொந்த மைதானம் வாங்கினார். ஆட்டங்களை பிராம்லியில் உள்ள ஹேய்ஸ் லேனுக்கு மாற்றினார். பிறகு ஆள்: பாரிஸ் அணியில் பயிற்சியாளராக இருந்த ஜோசலின் பிரெஷேர், இத்தாலியின் மிலான் அணியிலிருந்து ஸ்வீடன் வீராங்கனை கொசோவரே அஸ்லானி. இரண்டாம் பிரிவுக்கு அஸ்லானி வருவது என்றால், சந்தையின் முதல் தரச் சரக்கு கிராமத்துக் கடைக்கு வந்து இறங்கிய மாதிரி.

எதிரில் நின்றது பர்மிங்ஹாம் சிட்டி. 2022-ல் முதல் பிரிவிலிருந்து இறங்கி, மூன்றாவது பருவமாக மேலே ஏறப் போராடிக்கொண்டிருந்த அணி. அதன் தாய்க்கடைக்கு அது பொற்காலம். பர்மிங்ஹாம் ஆண்கள் அணி அதே பருவத்தில் 111 புள்ளிகள் எடுத்துத் தன் பிரிவில் சாதனை படைத்தது.

2025 மே 4, ஞாயிறு. இருபதாவது ஆட்டம். பர்மிங்ஹாமின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் முதல் இரண்டு இடங்களில் இருந்த அணிகள் நேருக்கு நேர். லண்டன் புள்ளிக் கணக்கில் முன்னே. அவர்களுக்குச் சமன் போதும், பர்மிங்ஹாமுக்கு வெற்றி வேண்டும். கடைசிப் பட்டுவாடா நாளில் கையிருப்பும் பாக்கியும் கிட்டத்தட்ட சரியாக நிற்கும்போது நமக்கு வயிற்றில் ஒன்று பிசையுமே, அது அன்று எனக்கு வந்தது. பேத்தி செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கோர் சொல்லிக்கொண்டே இருந்தாள். 2-2. லண்டன் ஏறிவிட்டது. ஆண்கள் கிளப்பின் நிழல் இல்லாமல் இன்றைய முதல் பிரிவுக்கு ஏறிய முதல் அணி.

ஒரே முதலாளியின் பணப்பையை நம்பிய கடை என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது. அவர் மனம் மாறினால் என்ன ஆகும்? அந்தப் பிரிவிலேயே டர்ஹாம் என்று இன்னொரு தனி அணி உண்டு. இத்தகைய பெருமுதலாளி இல்லாமல் காலம் தள்ளுகிறது. சிக்கனக்காரனான எனக்கு அதன் மேல்தான் மதிப்பு அதிகம். லண்டன் அணியோ மேலே போனதும் கிரேஸ் கெயோரோ என்ற பிரெஞ்சு வீராங்கனையைப் பெருந்தொகை கொடுத்து பாரிஸிலிருந்து வாங்கியது. 2025 செப்டம்பரில் முதல் பிரிவின் முதல் ஆட்டத்தில் ஆர்சனலிடம் 4-1 என்று தோற்றது. பணம் கொடுத்தால் வாசல் வரைக்கும்தான் போலும்.

ஆனால் என்னை உலுக்கியது அந்த மே மாதத்திலேயே வந்த இன்னொரு செய்தி. பிளாக்பர்ன் ரோவர்ஸ். இருபது ஆட்டம் ஆடி, இறங்க வேண்டிய இடத்துக்கு மேலே முடித்த அணி. மைதானம், மருத்துவம், பயிற்சி ஊழியர் என்று இரண்டாம் பிரிவு கேட்ட புதிய தகுதிகளுக்குச் செலவழிக்க இயலாது என்று கிளப்பே அதை விலக்கிக்கொண்டது. அந்தக் காலியிடத்தால், கடைசியாக வந்து இறங்க வேண்டிய ஷெஃபீல்ட் யுனைடெட் தப்பித்தது. “ஜெயிச்சவங்க வெளியே, தோத்தவங்க உள்ளே. அவங்க என்ன தாத்தா தப்பு பண்ணாங்க?” என்று பேத்தி கேட்டாள்.

அவள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் போனதுதான் எனக்குச் சுருக்கென்றது.

2008-ல் வெளியூர் மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவர் கைவிரித்ததில் எனக்குப் பெரிய தொகை நின்றுபோயிற்று. அப்போது என் மகள் பின்கட்டில் ஆறு பெண்களை வைத்து சாம்பார் பொடி, மல்லிப் பொடி பொட்டலம் போட்டு நடத்திவந்தாள். இரண்டே நாளில் அதை மூடி, அந்த முதலைக் கடைக்குத் திருப்பினேன். கடை பிழைத்தது. இன்றுவரை அதை என் சாமர்த்தியம் என்றே நாலு பேரிடம் சொல்லி வந்தேன். பேத்தி கேட்ட அன்று இரவு பரணிலிருந்து அந்த வருஷத்துப் பேரேட்டை இறக்கிப் புரட்டினேன். பொட்டலக் கணக்கில் மூடிய மாதம் வரை லாபம். நஷ்டம் முழுக்க என் கடனில்.

மறுநாள் மகளிடம் பேரேட்டைக் காட்டினேன். “தெரியும்ப்பா, அந்தக் கணக்கை எழுதினதே நான்தானே” என்றாள்.

பின்கட்டு இப்போது அவள் பெயரில். தனி வங்கிக் கணக்கு, தனி ஜி.எஸ்.டி. எண், உணவுப் பாதுகாப்பு உரிமமும் அவள் பெயரிலேயே. என் கடையிலிருந்து மல்லி, மிளகாய் எடுத்தால் எனக்கும் பில் போட்டுத்தான் தர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பழைய ஆறு பேரில் இரண்டு பேர் திரும்ப வந்திருக்கிறார்கள்.