காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல் வயலில் ஒரு குழாய்

வரப்பு தளும்ப நீர் நின்றால்தான் நெல் விளையும் என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. உண்மையில், நெல் நீர்த்தேக்கத்தைத் தாங்கும் பயிர். தேக்கம் அதன் கட்டாயத் தேவை அல்ல. காற்றில்லாச் சேற்றில் மற்றப் பல பயிர்களின் வேர் அழுகிவிடும். நெல்லோ தண்டிலுள்ள காற்றறைகள் வழியே வேருக்கு மூச்சை இறக்கிக்கொள்கிறது. அந்தத் திறனை நம்பித்தான் களையை அமுக்க நீரைக் கட்டி வைக்கிறோம். பயிர் கேட்பது வேருக்கு எட்டும் ஈரம் மட்டுமே. அந்த ஈரம் உள்ளவரை வயலைக் காயவிட்டு, பிறகு பாய்ச்சுவதே 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை.

எவ்வளவு காயவிடலாம் என்பதைக் கண்ணால் மட்டும் கணிப்பது கடினம். களிமண் வயலில் மயிரிழை வெடிப்பு பிளவாக விரிந்துவிட்டால், அடுத்துப் பாய்ச்சும் நீர் அதன் வழியே கீழே இறங்கிவிடும். இதற்கு உதவுவது பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய எளிய வயல்நீர்க் குழாய். 30 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே புகுந்த சேற்றை அள்ளிவிட வேண்டும். மண்ணுக்குள் நீர் நிற்கும் மட்டம் குழாய்க்குள் தெரியும். அது தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும், வயலில் 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்சினால் போதும். இதனால் பாசன நீரில் 30 விழுக்காடு வரை மிச்சமாகும். இடையே மழை பெய்தாலும், காய்ந்திருக்கும் வயல் அதை வாங்கிக்கொள்ளும்.

நீர் மூடிய மண்ணில் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. வேருக்கு மூச்சு தரும் அதே காற்றறைகள் வழியே அது வெளியேறி வானை வெப்பமாக்குகிறது. பலமுறை காயவிட்டால் இது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. காயும் மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கூடுமே என்பது நியாயமான கேள்வி. கூடலாம்தான், ஆனால் பொதுவாக மீத்தேன் குறைவதன் பயனை அது விழுங்கிவிடுவதில்லை. யூரியாவை அளவோடு, பாய்ச்சுவதற்குச் சற்று முன் இட்டால் தழைச்சத்து இழப்பும் குறையும்.

விளைச்சல் குறையும், களை பெருகும் என்ற அச்சத்துக்கும் வழி உண்டு. நட்ட முதல் இரண்டு வாரம் நீர் கட்டினால் களை அடங்கும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரை 5 செ.மீ. நீர் குறையாமல் காத்தால் பதர் மிகாது. உவர் நிலத்துக்கு இம்முறை பொருந்தாது. காயும்போது உப்பு மேலேறும். இவற்றைவிட வலுவான தடை பாசன ஏற்பாட்டில் இருக்கிறது. அடுத்த முறை நீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடை உழவர், கிடைத்த நீரை வயலில் தேக்கத்தான் செய்வார். அது அறியாமை ஆகாது. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும் தமிழகத்தில், நீரை மிச்சம் பிடிப்பவருக்குக் கைக்காசு மிச்சமாவதும் இல்லை. ஆகவே குழாயை வழங்குவதோடு வேலை முடிந்துவிடாது. நீர் முறை வைக்கும் நாளை முன்கூட்டியே அறிவித்து, அதைத் தவறாமல் காக்க வேண்டும். அந்த உறுதி கிடைத்தால்தான் கடைமடை உழவர் தம் வயலைத் துணிந்து காயவிடுவார்.