நிலத்தடி அறையும் குடும்ப வரவு செலவும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்' என்பது நம்மவர் பழமொழி. கட்டிய வீட்டை மழையிலிருந்து காப்பதும் அவ்விரண்டிற்கும் குறையாத சோதனையே என்பதைக் கொழும்பின் தென்பகுதியில் வாழும் குடும்பங்கள் ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உணர்கின்றன. நிலமட்டத்திற்குக் கீழே ஓர் அறை உள்ள வீடானால் சொல்லவே வேண்டியதில்லை. சுவரின் பூச்சு உரிகிறது. பிள்ளைகளின் புத்தக அலுமாரியில் பூஞ்சணம் படர்கிறது. வாடகைக்கு இருந்தவர் வேறிடம் தேடிப் போகிறார். வீட்டுத் தலைவர் கடனை எண்ணுகிறார். இல்லத்தரசி தம் கழுத்துச் சங்கிலியை எண்ணுகிறார்.

கொழும்பில் நிலவறை அமைத்து வீடு கட்டும் வழக்கம் பெரிதாக இல்லை. ஆயினும் களுபோவில போன்ற இடங்களில், சரிவான காணியில் வீதிக்கு ஒரு தட்டும் அதன் பின்னே தாழ்ந்த ஒரு தட்டுமாகக் கட்டப்பட்ட வீடுகள் உண்டு. வீதிக்குத் தார் மேல் தார் இட்டு மட்டம் உயர்ந்ததனால், முன்பு சமதளத்தில் இருந்து இன்று பள்ளத்தில் நிற்கும் பழைய வீடுகளும் உண்டு. போதனா வைத்தியசாலை அண்மையில் இருப்பதால் இத்தகைய கீழறைகளை வாடகைக்கு விடும் வாய்ப்பும் உள்ளது. ஆகவே அவ்வறை ஈரமாவது குடும்பத்தின் வருமானத்தையே தொடும் செய்தியாகும்.

நிலத்தின் இயல்பு

ஊரின் பெயரே நமக்கு ஒன்றைச் சொல்கிறது. சிங்கள மொழியில் 'வில' என்னும் சொல் நீர்நிலையைக் குறிக்கும். களுபோவிலவிலும் அயலிலுள்ள பெல்லன்விலவிலும் அச்சொல் நிற்கிறது. வெள்ளவத்தையின் பெயரிலோ மணல் இருக்கிறது. மணல் நீரை விரைவில் கீழே விட்டுவிடும். சதுப்பு மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலம் 1990ஆம் ஆண்டு சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்னும் சிறப்பும் கிடைத்தது. மழைநீரைத் தாங்கிக்கொள்ளும் இந்நிலங்கள் நிரப்பப்படும்போது அந்நீர் தாழ்ந்த வீடுகளை நாடுகிறது.

கொழும்பில் ஓராண்டிற்குச் சராசரி 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. 2010ஆம் ஆண்டு நவம்பர் 10, 11ஆம் திகதிகளில் மட்டும் ஏறக்குறைய 440 மில்லிமீற்றர் கொட்டியது. ஓராண்டு மழையில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைந்த அளவு ஓரிரவில் பெய்தமையால் பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியது. இத்தகைய மழைக்கு முன்னால் ஒரு வாளி வர்ணம் என்ன செய்ய இயலும்?

முதலில் நீரின் வழியை அறிக

நம்மில் பலர் ஈரச் சுவரைக் கண்டதும் கடைக்கு ஓடி, 'நீர்த்தடுப்பு' என்று எழுதிய வர்ணத்தை வாங்கி உட்புறத்தில் பூசுகின்றனர். அடுத்த மழையில் அது கொப்புளமாக எழும்பி உதிர்கிறது. இதற்குக் காரணம் உண்டு. சுவருக்கு வெளியே ஒரு மீற்றர் உயரத்திற்கு நீர் நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஒரு தொன் அளவான அழுத்தம் ஏற்படும். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் வர்ணத்தை உள்ளிருந்து தள்ளி வீழ்த்த அதில் ஒரு சிறு பகுதியே போதும்.

ஆதலால் பணப்பெட்டியைத் திறப்பதற்கு முன் நீர் வரும் வழியைக் கண்டறிய வேண்டும். அவ்வழிகள் பெரும்பாலும் ஐந்து. கூரைப் பீலி நிரம்பி வழிந்து சுவரடியில் விழும் நீர் ஒன்று. முற்றத்தின் வாட்டம் வீட்டை நோக்கி இருப்பதால் வரும் நீர் இரண்டாவது. நிலத்திலிருந்து செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும் ஈரம் மூன்றாவது. உடைந்த குழாய் அல்லது மலசலகூடத்துக் கசிவு நான்காவது. அறையின் வெப்பக் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிவது ஐந்தாவது.

இவற்றைப் பிரித்தறியப் பெரும் செலவு வேண்டியதில்லை. ஒரு முழ அளவான பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் பசைநாடாவால் ஒட்டி இரண்டு நாள் விடுக. தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம். சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தந்தாலே குறையும். சுவரை ஒட்டிய புறம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரவில் குழாய்கள் அனைத்தையும் பூட்டி, நீர்மானியை எழுதிவைத்துக் காலையில் பார்க்க. எண் மாறியிருந்தால் வீட்டுக் குழாயிலேயே கசிவு உண்டு. ஈரத்தின் மேல் விளிம்பில் பென்சிலால் கோடிட்டுத் திகதியையும் குறித்துவருக. மழை பெய்த அன்றே கறை உயர்ந்தால் மேலிருந்து வரும் நீர் என்றும், மழை ஓய்ந்து சில நாட்களின் பின் உயர்ந்தால் நிலத்தடி நீர் என்றும் ஐயுற இடமுண்டு.

வெண்ணிறமாகப் பூக்கும் உப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம். நீர் காற்றில் மறையும்போது, தான் கரைத்து வந்த உப்பை விட்டுச் செல்கிறது. அதை ஈரத் துணியால் துடைக்காமல் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுப்பதே முறை.

செலவுக்கு ஓர் ஒழுங்கு

வேலையை வெளியிலிருந்து உள்ளே, மேலிருந்து கீழே என்ற ஒழுங்கில் செய்வது அறிவுடைமை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 4,600 லீற்றர் நீர் சேரும். அடைபட்ட பீலி ஒன்று அதனை முழுவதும் அத்திவாரத்தில் ஊற்றிவிடும். பீலியைத் துப்புரவாக்குவதும், குழாயை நீட்டி நீரைச் சுவரிலிருந்து விலக்குவதும், முற்றத்தின் வாட்டத்தை மாற்றுவதும் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவன. நுளம்புக்கும் இதனால் இடமில்லாமற் போகும். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளாயினர் என்பதை மறத்தலாகாது.

இவற்றைச் செய்தபின் ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்ப்பது நன்று. அப்போதும் ஈரம் நின்றால், சுவரின் வெளிப்புறத்தைத் தோண்டித் தார்ப் பூச்சிட்டு, அடியில் சரளைக்கல்லும் துளைக்குழாயும் வைத்து நீரை வடியவிடுவது அடுத்த படி. அத்திவாரத்தின் பக்கம் முழுவதையும் ஒரே நாளில் தோண்டுவது ஆபத்து. சிறு சிறு நீளமாகத் தோண்டி மூடிக்கொண்டே செல்ல வேண்டும். அயலவர் சுவர் அருகில் இருந்தால் பொறியியலாளரின் ஆலோசனை இன்றித் தொடலாகாது. தை முதல் பங்குனி வரையுள்ள உலர்ந்த நாட்களே இதற்கு உகந்தவை.

உட்புறப் பூச்சு கடைசியாக வர வேண்டியது. நுண்துளைகளுக்குள் சென்று இறுகும் சீமெந்துக் கலவைகள் வர்ணத்தினும் மேலானவை. பழைய வீட்டுச் சுவர் கபுக் என்னும் செம்புரைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டதாயின், அதன்மேல் கனத்த சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். அச்சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. ஈரச் சுவரிலுள்ள மின்சாரப் பிளக்குகளை அகற்றுவதற்கும், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும் மட்டும் பணத்தைக் காரணம் காட்டித் தாமதித்தல் கூடாது.

பணம் எங்கிருந்து வரும்?

2022ஆம் ஆண்டின் நெருக்கடி நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம். 2021இல் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த ஒரு மூடை சீமெந்து, மறு ஆண்டு மூவாயிரத்தைத் தாண்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. வேலையைப் பாதியில் நிறுத்தியவர்களின் வீடுகளில் தோண்டிய குழிகளே எஞ்சின. ஆதலால் முழு வேலைக்கும் ஒரே கடன் என்பதைவிட, ஒவ்வொரு கட்டமும் தனித்தே முடிந்து பயன்தருமாறு பிரித்துக்கொள்வது பாதுகாப்பானது.

கடனின் விலையை ஒரு கணக்கால் காண்போம். மூன்று இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 18 வீத வட்டியில், மூன்றாண்டில் அடைப்பதற்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 10,850 ரூபாய். மொத்த வட்டி மட்டும் 90,000 ரூபாயைத் தாண்டும். பீலிக்கும் வாய்க்காலுக்கும் அதில் ஒரு பங்கு போதுமானால், முதலில் அதையே செய்து பார்ப்பதல்லவா முறை? இருபது பேர் மாதம் பத்தாயிரம் கட்டும் சீட்டில் இரண்டு இலட்சம் கைக்கு வரும். ஆயின் நடத்துபவர் நம்பிக்கைக்குரியவராயிருத்தல் வேண்டும். எடுத்தபின் கட்டும் பொறுப்பும் தவறலாகாது. நகையை அடகு வைப்பது எளிது. மீட்கும் திகதியையும் மீட்கும் பணத்தின் வழியையும் அன்றே எழுதி வைக்காவிடில் அது மீளாது. ஊழியர் சேமலாப நிதியை ஈடாக வைத்து வீட்டுக் கடன் பெற வழி உண்டெனினும், அது முதுமைக்குரிய பணம் என்பதை நினைவிற் கொள்க.

மேசனிடம் வேலையைப் பகுதி பகுதியாக எழுதி விலை கேட்க வேண்டும். குறைந்தது இருவரிடம் கேட்பது நல்லது. இறுதித் தொகையில் ஒரு பங்கை அடுத்த பெருமழை கடக்கும்வரை நிறுத்திவைக்க முன்கூட்டியே பேசிக்கொள்க.

கைவிடவும் துணிய வேண்டும்

எல்லா அறைகளையும் காப்பாற்ற இயலாது. மாரியில் நிலத்தடி நீர் அறையின் தளத்திற்கு மேலேறும் இடங்களில், குழி வெட்டி நீரிறைக்கும் இயந்திரம் வைப்பார்கள். பெருமழையன்று மின்சாரம் நின்றால் அது பயன்படாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை அறிவோம். அத்தகைய அறையில் கடன்மேல் கடனைக் கொட்டுவதினும், தளத்தை உயர்த்திப் பொருள் வைக்கும் இடமாக்கிவிட்டு, படுக்கையையும் படிப்பையும் மேல்தட்டுக்கு மாற்றுவதே சிக்கனம். ஈரமும் பூஞ்சணமும் ஆஸ்துமா முதலிய சுவாச நோய்களோடு தொடர்புடையன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. வாடகை குறைவது நட்டமே; பிள்ளையின் நெஞ்சு இரைவது அதனினும் பெரிய நட்டம்.

மாணவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். உலர்ந்த செங்கல் ஒன்றை ஓர் அங்குல நீருள்ள தட்டில் நிமிர்த்தி வைத்து, ஒரு மணிக்கொரு முறை ஈரத்தின் உயரத்தை அளந்து குறித்துவாருங்கள். நீர் தானாகவே மேலேறுவது கண்கூடாகத் தெரியும். அந்தக் குறிப்பேட்டிலேயே சுவரின் கறையளவையும், மழை பெய்த நாட்களையும், வீட்டில் செய்த செலவையும் எழுதி வந்தால், அடுத்த தை மாதத்தில் மேசனை அழைக்கும்போது பெற்றோரின் கையில் நல்லதொரு வழிகாட்டி இருக்கும்.