இரட்டை எழுத்துக் காசு

அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகர நாணயச்சாலையில் 1955ஆம் ஆண்டு அடிக்கப்பெற்ற ஒரு சென்ட் காசுகளுள் பல்லாயிரம் காசுகளில், ஆண்டும் எழுத்துகளும் இரட்டையாகத் தோன்றின. பிழை புலனாகுமுன் அவற்றுள் பல நற்காசுகளுடன் கலந்துவிட்டன. அனைத்தையும் உருக்க மனமின்றி அதிகாரிகள் அவற்றை வெளியிட்டுவிட்டனர். இன்று அவற்றுள் ஒன்றைப் பெற 1,000 டாலருக்கு மேலும் தருவோர் உளர். ஆனால், இரட்டையாகத் தோன்றும் காசெல்லாம் அத்தகையன அல்ல. ஒரு சென்டே பெறத்தக்க காசுக்குப் பெருந்தொகை தந்து ஏமாறுதலும் எளிது.

வேறுபாடு பிறப்பிலேயே உள்ளது. உருவம் புடைத்து நிற்கும் தாய் அச்சை ஓர் எஃகுத் தண்டின்மீது அழுத்த, உருவம் குழிந்த அச்சு உண்டாகும். அக்காலத்தில் ஒருமுறை அழுத்துதல் போதாது. அச்சைக் காய்ச்சி மென்மையாக்கி மறுமுறையும் அழுத்துவர். மறுமுறை அது சிறிது திரும்பிவிடின், ஒரே எழுத்து இரு குழிகளாகப் பதிந்துவிடும். காசின் உலோகம் அவ்விரண்டிலும் ஏறுதலால், எழுத்து தடித்து உருண்டு, முனையில் பிளவுபட்டு விளங்கும். நடுவிலிருந்த லிங்கனின் உருவம் மட்டும் பெரும்பாலும் தப்பியது. சுழற்சியின் விளைவு விளிம்பிலன்றோ மிகுதி!

மற்றையதோ அச்சில் பதிந்த குற்றமன்று. தளர்ந்த அச்சு, காசை அடித்த கணத்தில் அசைந்து எழுத்தின் ஓரத்தை நசுக்கும். அவ்வோரம் படிபோலத் தாழ்ந்து, தட்டையாய்ப் பளபளக்கும், எழுத்தும் மெலியும். உருப்பெருக்காடி கொண்டு நோக்குவார்க்கு இது நன்கு விளங்கும். மேலும், ஒரே அச்சில் பிறந்த இரட்டைக் காசுகள் யாவற்றிலும் இரட்டிப்பு ஒரே வகையாய் இருக்கும். அசைவால் விளைந்ததோ காசுக்குக் காசு வேறுபடும்.