இழப்பினூடே ஒரு வெற்றி

நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாரிலிருந்து பாறசாலை வழியாகத் தமிழக எல்லையைக் கடந்தால், நட்டாலம் என்னும் சிற்றூர் தொலைவில் இல்லை. 1712-ஆம் ஆண்டில் அங்குப் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரசில் அலுவலராக விளங்கியவர். கால்நடைகள் மாண்டு, செல்வம் குன்றி மனம் நொந்திருந்த அவருக்கு, 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அவ்வரசின் படைக்கே பயிற்சியளித்த டிலனாய், விவிலியத்து யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பர். அனைத்தையும் இழந்தும் நம்பிக்கையை இழவாதவன் தோற்றவனல்லன் என்பதே அவ்வரலாறு புகட்டும் பாடம்.

1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற அவர் தேவசகாயம் ஆனார். அப்பெயருக்குக் கடவுளின் உதவி என்பது பொருள். பின்னர்ப் பதவி போயிற்று. சிறையும் சித்திரவதையும் வந்தன. 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாற்றுத் தேவாலயத்தில் அவர் கல்லறை உள்ளது. 2022 மே 15-இல் வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

கிறிஸ்தவ நெறி கூறும் வெற்றி பகைவரை வீழ்த்துவதன்று. சிலுவையை முடிவாகக் கொள்ளாது, உயிர்ப்பின் வாயிலாகக் காண்பதாகும். துன்பம் நீங்கிய பின் வருவதன்று அவ்வெற்றி. துன்பத்தின் நடுவிலேயே வாய்ப்பது.

வேற்று மாநிலங்களில் பிழைப்பை நாடி வாழும் நாம், ஊர் திரும்புகையில் இரயில் ஆரல்வாய்மொழியைக் கடக்கும்போது, அம்மலைப்பக்கம் சற்றே நோக்குவோமாக.