எண்ணிக்கையும் இரக்கமும்

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், மன்னார்க் கரையிலிருந்து புறப்பட்ட படகுகள் கற்பிட்டிக் கரையை வந்தடைந்தன. விடுதலைப் புலிகளின் கட்டளையால் வட மாகாண முஸ்லிம் மக்கள் தத்தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்ட காலம் அது. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அம்மாதம் 30ஆம் நாள் அளிக்கப்பெற்ற அவகாசம் இரண்டு மணி நேரமே. வடக்கு முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர் வீடுவாசல் இழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திற் புகலிடம் தேடினர்.

அக்கரையோரத்து மக்கள் செல்வந்தர் அல்லர். மீன்பிடித்தும், உப்பளத்திற் கூலி செய்தும், தென்னந்தோட்டங்களில் உழைத்தும் பிழைப்பவரே மிகுதி. எனினும், வந்தவரை அவர்கள் ஏற்ற விதம் நினைக்குந்தோறும் வியப்பளிப்பது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீடுகளிற் சமைத்த சோறு பகிர்ந்தளிக்கப்பட்டது. கிடுகுக் குடிசை போட்டுக்கொள்ளத் தம் காணியை விட்டுக்கொடுத்தோரும் உளர். கைக்குழந்தையோடு வாசலில் நிற்கும் தாயைக் கண்டவர், இன்னும் எத்தனை பேர் வருவர் என்று கணக்குப் பார்ப்பதில்லை.

கணக்கு பின்னர் வந்தது. சில நாட்களுக்கென்று வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. ஆலங்குடா, தில்லையடி முதலிய இடங்களில் முகாம்கள் நிலைத்தன. மணற்பாங்கான நிலத்துக் கிணறுகள் அத்தனை பேருக்கும் போதவில்லை. கூலியாட்கள் பெருகவே கூலி குறைந்தது. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டத்துக்குரிய இடங்கள் யாருக்கு என்ற வினாவும் எழுந்தது. விருந்தினராய் வந்தவர்கள் 'அகதிகள்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போயினர். உள்ளூராரைக் குறை கூறுதல் எளிது; ஆயின் அது நேர்மையாகாது. தம்மிடம் இருந்ததற்கு மேலாகவே அவர்கள் முன்னமே கொடுத்திருந்தனர்.

மனித மனத்தின் இவ்வியல்பை அமெரிக்க அறிஞர் மூவர் சோதித்து, 2007ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஸ்மோல், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் என்பன அவர்தம் பெயர்கள். சோதனைக்கு வந்தோர் கையில் 5 டொலர் கொடுத்து, ஆபிரிக்காவின் பசிப்பிணிக்கு விரும்பியதை அளிக்கலாம் என்றனர். மாலி நாட்டின் ரோக்கியா என்னும் ஏழு வயதுச் சிறுமியின் படத்தைக் கண்டவர்கள் சராசரியாக 2 டொலர் 38 சதம் அளித்தனர். இலட்சக்கணக்கானோர் பட்டினி என்னும் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் அளித்தது 1 டொலர் 14 சதம். விந்தை யாதெனில், சிறுமியின் படத்தோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது ஈகை 1 டொலர் 43 சதமாகக் குறைந்ததே! இலட்சம் என்ற சொல், ஒருத்தி மீது சுரந்த இரக்கத்தையும் வற்றச் செய்துவிட்டது.

ஒரு முகத்தைக் கண்டு இளகும் நெஞ்சம், எழுபத்தையாயிரம் முகங்களைக் கண்டால் அத்தனை மடங்கு இளகுவதில்லை. தான் கொடுப்பது கடலிற் கரைத்த பெருங்காயமாகும் என்ற சோர்வே அங்கு முந்துகிறது. தொலைவில் இருப்போர்க்கோ முகமும் இல்லை, தொகை மட்டுமே உண்டு. 1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியிருந்தமையால், உலகின் கண்கள் அவ்வேளை வளைகுடாவின் மேலேயே பதிந்திருந்தன. கற்பிட்டிக் கரையை உற்றுநோக்க எவருக்கும் நேரமில்லை.

ஆதலின் நெடுங்காலத் துயருக்கு நெஞ்சின் ஈரம் மட்டும் போதாது. சலிப்படையாத ஏற்பாடுகளும் வேண்டும். நிவாரண அட்டைக்கு இரக்கம் இல்லைதான். ஆயினும் ஐந்தாம் ஆண்டிலும் அது அரிசியும் பருப்பும் பெற்றுத்தந்தது. இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கென்று பிற்பகல் வகுப்புக்களும் அவ்வாறே நடைபெற்றன. உலக வங்கியின் நிதியுதவியுடன் 2007ஆம் ஆண்டிற் புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியபோது, அது வந்தவர்க்கு வீடு கட்டுவதோடு அமையவில்லை. அயலிலே வாழ்ந்த உள்ளூர்க் குடும்பங்களின் குடிநீர்த் தேவையையும் அது கருத்திற் கொண்டது. முதற் பிணக்கு எழுந்ததே கிணற்றடியில் அன்றோ?